பின்வளவு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உவர்மலையில் பிறந்து வளர்ந்து இப்போது லண்டனில் இருக்கிறேன். அம்மா மார்பகப் புற்றுநோயால் போன வருடம் காலமானா. சிகிச்சைக்கு இரவு ரயிலில் கொழும்பு போய், மஹரகம புற்றுநோய் கிளினிக்கில் காத்து நின்று, திரும்பி வந்து விழுவா. கடைசி மாதங்களில் முன் விறாந்தைக்கு வரவே மாட்டா. பகல் முழுக்கப் பின்வளவில் ஒரு வாங்கில்தான். நான் லீவில் வந்து நின்றபோது, "முன்னுக்கு வந்து காற்று வாங்குங்கோவன் அம்மா" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன். அசையவில்லை. இப்போது அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

இங்கே ஒரு தோழிக்குத் துணையாக, மேற்கு லண்டனில் சாரிங் கிராஸ் மருத்துவமனையோடு இருக்கும், புற்றுநோயாளர் வந்து ஆறியிருக்கும் மேகீஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு சின்னத் தோட்டத்துக்குள்ளால் நடந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த நடையிலேயே தோழி கொஞ்சம் ஆறிவிட்டாள். திருகோணமலையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து விடவில்லை. சில பேர் சேர்ந்து ஒரு அறக்கட்டளை பதியப் போகிறோம். உப்புவெளிக் கடற்கரையோரம் காணி பார்த்திருக்கிறோம். புற்றுநோயை மாற்றும் மூலிகைகள் என்று ஒருவர் பட்டியல் தந்திருக்கிறார், பட்டிப்பூவும் (நித்தியகல்யாணி) அதில் உண்டு. வாசலில் அம்மாவின் பெயரையும் காசு தந்தவர்களின் பெயர்களையும் கல்லில் பதிப்பதாக முடிவு. டொக்டராக இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா மட்டும், "மருந்துக்கே தட்டுப்பாடு, உனக்குப் பூங்கா கேக்குதோ" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் ஒன்றுவிட்ட அண்ணாவிலிருந்தே தொடங்குகிறேன். அவர்மேல் உள்ள கோபத்தில்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது. அவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், போய்வருவது இலவசமில்லை. கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் கிழமைக்கு ஐந்து நாள், அதுவும் கிழமைக்கணக்கில். மூதூரிலோ தம்பலகாமத்திலோ கூலிக்குப் போகும் ஒரு குடும்பம், நோயாளியோடு இன்னொரு ஆளையும் மஹரகமவிலோ மட்டக்களப்பிலோ தெல்லிப்பழையிலோ தங்கவைத்துச் சாப்பாடு கொடுக்க எவ்வளவு கடன்படும் என்று டொக்டருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்று வந்தால், பயணச்செலவுக்குக் கொடுங்கள். அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

ஆனால் தோட்டத்துக்கு நீங்கள் நினைக்கிற அளவு காசு தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தோட்டம் நோயை மாற்றுமா? மாற்றாது. இதை உங்கள் அறக்கட்டளையின் முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் ஆய்வு ரோஜர் உல்ரிக் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதியது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரி. பித்தப்பை அகற்றியவர்கள் சிலரின் சன்னலுக்கு வெளியே மரங்கள், மற்றவர்களுக்குச் செங்கல் சுவர். வயது முதலானவை ஒத்துப்போகும்படி 23 சோடிகளைத் தெரிந்து பதிவேடுகளை ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முந்தி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், வலுவான வலி மருந்துகளையும் குறைவாகவே கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். அது பித்தப்பை. கட்டி சுருங்கிய கதை அதில் எங்கும் இல்லை. வலியோடு இருக்கும் ஆளுக்கு எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் இழுக்காதீர்கள்.

மேகீஸ் தொடங்கிய கதையும் குணமான கதை அல்ல. மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் சீனத் தோட்டங்களைப் பற்றி நூல் எழுதியவர். 1993இல் புற்றுநோய் திரும்பி வந்து பரவிவிட்டது, இனிச் சில மாதங்கள்தான் என்று அவருக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்பதால், சன்னல் இல்லாத ஒரு தாழ்வாரத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். கணவரும் அவரும் அந்தச் செய்தியோடு அங்கே இருந்தார்கள். பிறகு சொன்ன காலத்தையும் தாண்டி இருந்து, தன் நிலையத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு 1995இல் இறந்தார். 1996இல் எடின்பரோவில் முதல் நிலையம் திறந்தது. வரவேற்பு மேசை இல்லை, நடுவில் ஒரு குசினி மேசை, கேத்தில், வெளியே பச்சை. சாரிங் கிராஸில் நீங்கள் பார்த்தது 2008இல் வந்தது. அதற்கு ரிச்சர்ட் ரோஜர்ஸின் நிறுவனம் பெரிய பரிசெல்லாம் வாங்கியது. அது நமக்குத் தேவையில்லாத கதை.

அந்தத் தாழ்வாரத்தைத்தான் நான் விடாமல் யோசிக்கிறேன். எங்கள் ஊரில் தாழ்வாரத்துக்கு நல்ல காற்று வரும், வெளிச்சம் வரும். கூடவே தெரிந்த முகங்களும் வரும். அங்கேதான் எங்கள் இடைஞ்சல். நிலாவெளி பஸ்ஸில் ஒருநாள் எனக்கு முன் சீற்றில் ஒரு பெண், தலையில் முக்காடு, மடியில் பொலித்தீன் பையில் கிளினிக் புத்தகமும் எக்ஸ்ரே உறையும். எழுத்துப் பக்கம் மடியைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்து, மேலே கையை வைத்திருந்தா. பக்கத்தில் வந்து இருந்தவ கேட்கிறா: "என்ன பிள்ளை, நல்லா மெலிஞ்சு போனாய்? சுகரோ?" "ஓமக்கா, சுகர்தான்." அதோடு விடவில்லை. எந்த டொக்டர், என்ன குளிசை, பாகற்காய் சாப்பிடுறியா என்று சாம்பல்தீவு தாண்டும் வரை. அவ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. இல்லாத சுகருக்கு இருக்கிற களைப்போடு பதில் சொல்லிக்கொண்டு வந்தா. வீட்டில் கலியாணத்துக்கு நிற்கிற மகள் ஒருத்தி இருந்தால், "அந்த வருத்தம்" என்ற சொல் வெளியே போகவே கூடாது. கேட்டவவும் கெட்ட மனுசி இல்லை. எங்கள் ஊரில் அக்கறை அப்படித்தான் வரும், கேள்வியாக.

உங்கள் அம்மா முன் விறாந்தைக்கு ஏன் வரவில்லை என்று இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படலையடியில் போகிற எல்லோரும் நின்று கேட்பார்கள்.

ஆகவே வாசலில் கல் வேண்டாம். அம்மாவின் பெயரும் வேண்டாம், காசு தந்தவர்களின் பெயரும் வேண்டாம், "புற்றுநோயாளர்" என்ற சொல் அந்த மதிலில் எங்கும் வரவே வேண்டாம். அந்தப் பலகைக்குக் கீழால் பட்டப்பகலில் ஒரு தாய் நுழைய மாட்டா. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெல்லாம் எத்தனை பலகைகள் முளைத்தன என்று உங்களுக்கும் நினைவிருக்கும். கட்டிக் கொடுத்தது இடிந்து, பலகை மட்டும் நின்ற இடங்கள் உண்டு. காசு தந்தவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள், படம் அனுப்புங்கள். அதுவும் போதாது என்பவரின் காசு வேண்டாம்.

உப்புவெளிக் காணியையும் விட்டுவிடுங்கள். கடற்கரை உங்களைப் போல லீவில் வருகிறவர்களுக்கு அழகு. சில கீமோ மருந்துகள் தோலை வெயில் தாங்காமல் ஆக்கிவிடும், கதிர்வீச்சு பட்ட இடத்தில் வெயில் படவே கூடாது. சில மருந்துகள் பாதத்தை மரக்கச் செய்யும். மரத்துப்போன காலோடு மணலில் நடப்பது எப்படி என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும்போது அங்கே நல்ல சுகத்தோடு இருக்கிறவனுக்கே இருக்க ஏலாது. பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடு இருக்கிறதே. உவர்மலை, டவுனிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கலாம். ஒரு வீட்டுக்குள் போகும் மனுசியை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறா என்று விட்டுவிடுவார்கள்.

அந்த வளவில் என்ன செய்யலாம்? நிழல். முதலும் நிழல், முடிவும் நிழல். இருக்கிற மரம் ஒன்றையும் வெட்டாதீர்கள். வேம்பும் புங்கையும் வையுங்கள். உப்புக் காற்றுக்குப் பூவரசு அசையாது. கதியாலாக வெட்டி ஊன்றினாலே தளிர்க்கும். அவை வளரும் வரை கிடுகுப் பந்தல். நடைபாதைக்கு லண்டனில் பார்த்த கூழாங்கல் வேண்டாம், சீமெந்துதான், வழுக்காமல் சொரசொரப்பாக, கைபிடிக்க ஒரு கம்பியோடு. கை ஊன்றி எழும்பக்கூடிய கதிரைகள், இரண்டு சாய்மனைக் கதிரை. கதிரைகளை வட்டமாகப் போட்டுவிடாதீர்கள், வட்டமாக இருந்தால் கதைக்க வேண்டி வரும். பெண்கள் தனியாக இருக்க ஒரு மறைவு வேண்டும், கிண்ணியாவிலிருந்து வருகிற முஸ்லிம் பெண்களுக்கு அது இல்லாமல் சரிவராது. உள்ளே நல்ல மலசலகூடம் ஒன்று, கிட்ட இருக்க வேண்டும். கீமோ எடுத்து வயிறு குழம்பின ஆளுக்கு உங்கள் பூவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாசனையில் கவனம். மல்லிகை, முல்லை என்று ஆசைப்படுவீர்கள். மருந்து ஏற்றின ஆளுக்குச் சாதாரண வாசமே குமட்டும், பின்னேர மல்லிகைக்குப் பக்கத்தில் இருத்தினால் எழும்பி ஓடிவிடுவார்கள். செவ்வரத்தை போதும், அதற்கு மணமில்லை. மஞ்சள் அலரி ஒரு கன்றும் வேண்டாம், ஏன் என்று நம் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. நெஞ்சுடைந்த நாளில் வந்து இருக்கிற இடம் அது. அரச மரமும் நடாதீர்கள். திருகோணமலைக்காரிக்கு இதற்கும் விளக்கம் தேவைப்படாது. பிள்ளையாரையும் வைக்க வேண்டாம், மூன்று மதத்தவரும் நாலாமவரும் வரட்டும்.

பட்டிப்பூவை நடுங்கள், அழகுக்கு. மணலில் தானாகவே வரும், தண்ணீரும் கேட்காது. உங்களுக்குப் பட்டியல் தந்தவர் அதைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் அதிலிருந்து வந்தவைதான். 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபலும் சார்ள்ஸ் பியரும் ஜமெய்க்காவிலிருந்து வந்த பட்டிப்பூ இலையை நீரிழிவுக்குப் பரிசோதித்தார்கள். எலிகளுக்குச் சீனி குறையவில்லை, இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு குறைந்தது. அப்படியென்றால் வெள்ளணு மிஞ்சிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமே என்று போனது அந்த வழி. இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள், நாளத்தில், அளந்து. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். எங்கள் சனம் பத்து இலையைப் பிடுங்கி அவித்துக் குடிக்கும். கீமோவால் ஏற்கெனவே வெள்ளணு இறங்கி நிற்கும் உடம்பில் அதைக் கொண்டுபோய் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று உங்கள் ஒன்றுவிட்ட அண்ணாவைக் கேளுங்கள். மற்ற மூலிகைகளை ஒரேயடியாக எடுத்துவிடுங்கள். மூலிகை நட்டால் பறிப்பார்கள், பறித்தால் அவிப்பார்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். மருந்து ஏற்றி ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை வரை பலருக்கு வெள்ளணு அடிமட்டத்தில் நிற்கும். அப்போது மண் கிளறுவதும் ஈரக் குப்பையில் கை வைப்பதும் கூடாது, பூஞ்சணம் நெஞ்சுக்குள் போய்விடும். நட ஆசைப்படுகிறவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்டுவிட்டு, கையுறையோடு நடட்டும். மற்றவர்கள் சும்மா இருக்கட்டும். சும்மா இருக்கத்தானே இடம் செய்கிறோம். டொக்டர் அண்ணாவை இப்படி வேலையில் மாட்டிவிட்டால் பூங்கா எதற்கு என்று பிறகு கேட்க மாட்டார்.

இனிக் காசு. திருகோணமலையில் எந்தத் தோட்டம் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது? நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலத்து ஆட்கள் அங்கே படுத்திருக்கிறார்கள். எண்பது வருடம் தாண்டியும் புல் வெட்டி, ஓரம் சீவி, ஒவ்வொரு கல்லுக்கும் முன் பூ. மண் விசேஷம் ஒன்றுமில்லை, எங்கள் எல்லோருக்கும் வாய்த்த அதே மணல்தான். மாதாமாதம் சம்பளம் வாங்கும் தோட்டக்காரர் இருக்கிறார். டவுனுக்குள் வெளிநாட்டுக் காசில் திறந்துவைத்த பூங்காக்களைப் பார்த்திருக்கிறேன். ரிபன் வெட்டின கையோடு குழாய் உடையும், பிறகு கட்டாக்காலி மாடு வரும், கோட்டைப் பக்கமென்றால் மானும் வரும், அடுத்த கச்சானோடு சரி. நீங்கள் உப்புவெளிக் காணிக்கு வைத்திருக்கும் காசில் பாதியைப் பயணச்செலவுக்கு ஒதுக்குங்கள். மீதியை வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள், வட்டியில் ஒரு ஆளுக்குச் சம்பளம் வரும்படி. வேலியும் பந்தலும் கதிரையும் அதற்குப் பிறகு வருகிற சில்லறைக் காசில் நடக்கும்.

ஐப்பசி மழை தொடங்க முன் குழி வெட்டி வைத்தால் மார்கழிக்குள் கன்று பிடித்துவிடும். ஆள் ஒருவர் இருக்கிறார், கந்தளாய்ப் பக்கம். மரக்கன்று விற்பவர், தமிழும் சிங்களமும் கதைப்பார், வாய் குறைவு. உங்கள் விஷயத்தில் அந்தக் கடைசித் தகுதிதான் முக்கியம். சம்பளத்தைப் பேசி முடிவாக்கிவிட்டு எனக்கு எழுதுங்கள், கூட்டி வருகிறேன். ஆடி மாதத்தில் மட்டும் அவருக்கு லீவு கொடுக்காதீர்கள்.