வேரோடு கொண்டுவாருங்கள்

வயலும் வாசகரும்: கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் விவசாயப் போதனாசிரியராகவும் பின்னர் பயிர்ப் பாதுகாப்புப் பொறுப்பிலும் இருந்து ஓய்வுபெற்றவர்.)

மிஸ், படுவான்கரைக்குப் புதிதாக வந்த போதனாசிரியர் நான். பயிர்நோய்த் திட்டத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கிழமைக்கு ஒருநாள் பயிர்க் கிளினிக், மாதம் ஓர் அறிக்கை. கிளினிக்குக்கு ஆளே வருவதில்லை. வருகிறவரும் சொப்பிங் பையில் அழுகின இலையைக் கொண்டுவந்து "என்ன மருந்து?" என்கிறார். எப்படி நடத்துவது?
– கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தம்பி

முதலில் மேசையைத் தூக்குங்கள் தம்பி. நானும் இரண்டு வருடம் கந்தோருக்குள் பதாகை கட்டி வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன். பிறகு கமநல சேவைகள் நிலையத்தில் பசளை கொடுக்கும் நாளாகப் பார்த்து, வாசலில் நின்ற மருத மரத்தின் கீழே மேசையைப் போட்டேன். வரிசையில் நிற்பவருக்கு வேறு வேலையில்லை. முன்னால் நிற்பவர் கொண்டுவந்த பயிரைப் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். "இது என்ர வயல்லயும் கிடக்கு" என்பார். நான் வாய் திறக்கு முன்பே பாதிக் கிளினிக் நடந்துவிடும்.

சொப்பிங் பை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் தொங்கி வந்த இலை, வந்து சேரும்போது எந்த நோயையும் சொல்லாது. முழுப் பயிர், வேரோடு, வேரில் சேறோடு, பத்திரிகைத் தாளில் சுற்றி வரவேண்டும். ஏன் வேர் என்று கேட்பார்கள். என் கதையைச் சொல்லுங்கள்.

2022/23 பெரும்போகம். "மிஸ், வேளாமை மஞ்சளாப் போகுது" என்று ஒரு போடியார், பெரிய வயல்காரர், கூப்பிட்டார். வரம்பில் நின்றே பார்த்தேன். திட்டுத் திட்டாக மஞ்சள், நெற்பயிரும் குட்டை. முந்திய வருடம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து நிலம் கிடந்த கிடையில், எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. தழைச்சத்துக் குறைவு, யூரியா போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாளில் அவர் மறுபடி கூப்பிட்டார், குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. இந்த முறை செருப்பைக் கழற்றி இறங்கி, ஒரு பிடி பயிரைப் பிடுங்கி வாய்க்காலில் அலசினேன். வேர் நுனிகள் கொளுக்கிபோல வளைந்து வீங்கியிருந்தன. வேர்முடிச்சு வட்டப்புழு! வேருக்குள் புகுந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழு. அந்தப் போகம் அம்பாறை, பொலன்னறுவைப் பக்கமெல்லாம் அழவைத்தது அதுதான். மழையை நம்பிப் புழுதியில் விதைத்து, தண்ணீர் கட்டி நிற்காத காணிகளில் அதற்குக் கொண்டாட்டம். தண்ணீர் நிறுத்த வழியிருந்தால் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். நானோ அவருடைய யூரியாக் காசைக் கரைத்தேன்.

இனி எரிபந்தம், நெல்லைக் கருக்கும் பங்கசு நோய். தையில் பகல் மப்பும் மந்தாரமுமாக இருந்து, இரவு குளிர்ந்து, விடியப் பனி கொட்டினால் நீங்கள் கந்தோரில் இருக்கக் கூடாது. அடர்த்தியாக விதைத்து யூரியாவை அள்ளிக் கொட்டிய வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, முதலில் போங்கள். இலையில் இரு முனையும் கூர்ந்து, நடு சாம்பலாய், ஓரம் கபிலமாய்க் கண்போல ஒரு புள்ளி இருக்கும். அதைக் கதிர் வெளிவருமுன் கண்டால்தான் பங்கசுநாசினிக்கு அர்த்தமுண்டு. கதிர் கழுத்து கறுத்து வெளுத்த பின் அடிக்கும் மருந்து கடைக்காரருக்குத்தான் நல்லது. வெண்கதிர் எல்லாமே எரிபந்தமும் இல்லை. கதிரைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் தண்டுதுளைப்பான் புழு.

அத்தனை வட்டைக்கும் உங்களால் போக முடியாது. வட்டைகளுக்குத் தண்ணீர் பார்க்கும் வட்டைவிதானைமாரின் தொலைபேசி இலக்கங்களை வைத்திருங்கள். வாய்க்காலோடு தினமும் நடப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நோயின் பெயர் வேண்டாம், "நேற்று இல்லாத நிறம்" என்று சொன்னால் போதும்.

அறிக்கையிலும் ஒன்று. வெள்ளத்தில் பாதை மூடி, போகவே முடியாத வயற்கண்டத்துக்கும் நான் "நோய் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் எழுதுவதுதான். மேலே இருப்பவர் அந்த "இல்லை"யை நம்பி வாகனத்தை வேறு பக்கம் அனுப்புவார். "பார்க்கவில்லை" என்று தனியாக ஒரு நிரல் போட்டுக்கொள்ளுங்கள். ஏச்சு விழும், வாங்குங்கள். அரசாங்கம் பிந்தி விழிப்பது நம் நாட்டில் பழைய கதை. மலையகத்து மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு என்ற பங்கசு நோய் கண்ணில் பட்டது 1869இல். அதை ஆராயவென்று மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது 1880இல். கெட்டிக்காரர், காற்றில் அந்தப் பங்கசின் வித்தி (நுண்விதை) பரவுவதைச் சரியாகக் கண்டுபிடித்தார். கோப்பிதான் அதற்குள் கைவிட்டுப் போயிற்று.

அறக்கொட்டிக்கும் எரிபந்தத்துக்கும் ஒரே டாங்கியில் கலந்து அடிக்கச் சொல்லிக் கடையில் தந்தார்கள். அடிக்கலாமா?
– விவசாயி, சம்மாந்துறை

இரண்டும் உங்கள் வயலில் இருக்கிறதா, பார்த்தீர்களா? எரிபந்தம் பங்கசு, அறக்கொட்டி பூச்சி. அறக்கொட்டி இலையில் இருக்காது, பயிரை விலக்கி அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள். அங்கே இல்லாதபோது பூச்சிமருந்து அடித்தால் சாவது சிலந்திகள்தான். காவல் போனபின் அறக்கொட்டி ஆறுதலாக வந்து பெருகும். சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிக்கு எடுத்துக் கேளுங்கள்.

மருமகன் மாத்தறையிலிருந்து ஆறு தென்னங்கன்று கொண்டுவந்திருக்கிறார். நல்ல இனமாம். நடலாமா?
– வாசகி, திருக்கோவில்

நட வேண்டாம் அக்கா. 2006 அளவில் வெலிகமையில் தொடங்கிய தென்னை இலைவாடல் நோய் இன்னும் தெற்கில் இருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர். சாறு உறிஞ்சும் பூச்சிகளால் பரவும், மருந்து கிடையாது. அதனால்தான் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டையிலிருந்து தென்னங்கன்று வெளியே கொண்டுவரத் தடை போட்டார்கள். கன்று பச்சையாக, வடிவாகத்தான் இருக்கும், அதை வைத்து நம்பாதீர்கள். அயலுக்குக் கொடுக்கவும் வேண்டாம், வேலியோரம் எறியவும் வேண்டாம். தென்னைப் பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், என்ன செய்வதென்று அவர் பார்த்துக்கொள்வார். மருமகனை ஏசாதீர்கள். அடுத்த முறை அந்தப் பக்கமிருந்து தயிர்ச்சட்டியும் பாணியும் கொண்டுவரச் சொல்லுங்கள்.