தொலைநோக்கிக்கு முன் ஒரு மீட்டர் குச்சி

கேள்வி: கோத்தகிரி அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வானியல் பாடம் வந்தால் படம் காட்டியே முடிக்க வேண்டியிருக்கிறது. இரவில் பிள்ளைகளை வரச் சொல்ல வழியில்லை. பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறார்கள். சாயங்கால பஸ்ஸை விட்டால் நடைதான், வழியில் காட்டெருமை, கரடி நடமாட்டம் உண்டு. போதாததற்கு மூடுபனி. முன்னாள் மாணவர்கள் தொலைநோக்கி வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இப்போது வாங்க வேண்டாம், டீச்சர். இரவு வானத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். பள்ளி நேரத்திலேயே சூரியன் இருக்கிறது. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நிலவும் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கக்கூடிய வானியலில் பெரும்பகுதி இந்த இரண்டிலேயே இருக்கிறது. தொலைநோக்கி வந்தால் நாற்பது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்ப்பார்கள். குச்சியும் நிழலும் என்றால் நாற்பது பேரும் அளப்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பாடம்.

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்திலேயே தொடங்குங்கள். வெளியே போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: "மத்தியானம் குச்சியின் நிழல் எந்தப் பக்கம் விழும்?" பெரும்பாலோர் வடக்கு என்பார்கள், சிலர் நிழலே விழாது என்பார்கள். வெளியே போய்ப் பார்த்தால் நிழல் தெற்கே விழுந்திருக்கும். தான் எழுதிய பதில் தவறு என்று தரையே காட்டும்போது பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்காகத்தான் நாம் வகுப்பு எடுக்கிறோம்.

அளக்கும் முறையில் இரண்டு விஷயங்களை விடக்கூடாது. ஒன்று, குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். மலையில் சமமான மைதானம் கிடைப்பது அரிது. சரிவுத் தரையில் கண் பார்வைக்கு நேராக நட்ட குச்சி நிச்சயம் சாய்ந்திருக்கும். ஒரு மீட்டர் குச்சி 2 டிகிரி சாய்ந்தாலே நிழல் நீளத்தில் மூன்றரை செ.மீ. பிழை வந்துவிடும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு கடன் வாங்கி நேர் பாருங்கள். அடியில் ஒரு பலகை போட்டு ரசமட்டம் வைத்துச் சமன் செய்துகொண்டால் இன்னும் நல்லது. தரைக்கு மேல் தெரிகிற உயரம் சரியாக 100 செ.மீ. இருக்கட்டும், கணக்குச் சுலபமாகும்.

இரண்டாவது, கடிகாரத்தில் 12 மணி என்பது உங்கள் ஊர் நண்பகல் இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது; நீலகிரி அதற்கு மேற்கே ஏறத்தாழ ஐந்தே முக்கால் டிகிரி தள்ளி இருக்கிறது. டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் சூரியன் உங்கள் உச்சிக்கோட்டுக்கு (தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோடு) வர சராசரியாக 12.23 ஆகிவிடும். அதுவும் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருக்காது: மார்ச் 21 வாக்கில் 12.30, செப்டம்பர் 23 வாக்கில் 12.15, பிப்ரவரி நடுவில் 12.37. அதனால் நேரத்தை நம்ப வேண்டாம். 12 மணி முதல் ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எது ஆகக் குட்டையோ அதுதான் நண்பகல் நிழல். குச்சியின் அடியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோடே உண்மையான வடக்கு தெற்கு.

நிழலின் நுனி மங்கலாக இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல. அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால்தான் ஒரு மீட்டர் குச்சியின் நுனியில் ஏறத்தாழ ஒரு செ.மீ. அளவுக்கு விளிம்பு கரைந்து தெரியும். அந்த மங்கலின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆண்டு முழுதும் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். ஜூன் 21 வாக்கில் நிழல் தெற்கே 21 செ.மீ. ஆகஸ்ட் 23 வாக்கில் நண்பகலில் நிழலே இருக்காது. செப்டம்பர் 23-இல் வடக்கே 20 செ.மீ. டிசம்பர் 21-இல் வடக்கே 70 செ.மீ. மார்ச் 21-இல் மறுபடி 20. ஏப்ரல் 20 வாக்கில் மறுபடி நிழலில்லா நாள். (கொடைக்கானல், பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 16, 17-இலும் ஆகஸ்ட் 26, 27-இலும் வரும்.) ஆகஸ்டில் கூடலூர்ப் பக்கம் வெயிலைப் பார்ப்பதே கஷ்டம், கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை அவ்வளவு கடுமையில்லை என்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். குறித்த நாளில் மேகம் மூடினால் கவலை வேண்டாம். ஜூன், டிசம்பர் அளவுகள் நாலைந்து நாள் முன்னே பின்னே ஆனாலும் பெரிதாக மாறாது. மார்ச், செப்டம்பரில் மட்டும் நாளுக்கு முக்கால் செ.மீ. அளவுக்கு நகரும்.

இப்போது வரைபடத்தாளில் செங்கோண முக்கோணம் வரைந்து, கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். ஜூனில் சூரியன் உச்சிக்கு வடக்கே 12 டிகிரி, டிசம்பரில் உச்சிக்குத் தெற்கே கிட்டத்தட்ட 35 டிகிரி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் இருபத்து மூன்றரைக்கு வெகு அருகில் வரும். பூமியின் அச்சுச் சாய்வு! பாடநூலில் அச்சிட்டிருக்கிற எண்ணை, குச்சியும் அளவுகோலும் வைத்து உங்கள் வராந்தாவிலேயே எடுத்துவிட்டார்கள். டிசம்பர்க் கோணத்திலிருந்து அந்தச் சாய்வைக் கழித்தால் ஏறத்தாழ பதினொன்றரை டிகிரி; அது உங்கள் ஊரின் அட்சரேகை. இந்த இரண்டு எண்களும் வந்த நாளில் வேறு எதையும் நடத்தாதீர்கள், அன்றைக்கு அது போதும்.

அட்சரேகை தெரிந்ததும் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் இருக்கும், வான்பொருள்களிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கிற வானொலித் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடவே கூடாது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அந்தத் தொலைநோக்கி 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதை ஏன் சமவெளியில் கட்டாமல் மலைச்சரிவில் கட்டினார்கள்? அந்தச் சரிவு வடக்கு நோக்கி ஏறத்தாழ 11 டிகிரி ஏறுகிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி சொச்சம். எனவே சரிவோடு படுத்திருக்கும் தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. பூமி சுழலச் சுழல அதை அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும். ஒரு வான்பொருளை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். வானொலி அலைகளை மூடுபனி தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பனியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது சட்டென்று விளங்கும்.

வகுப்பில் செய்துகாட்ட ஒரு நீளக் குச்சியை வடக்கு தெற்காக வைத்து, மீட்டருக்கு 20 செ.மீ. வீதம் வடக்கு முனையை உயர்த்துங்கள். பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் நிழலாக அளந்த அதே 20! குச்சியின் வடக்கு முனை துருவ நட்சத்திரத்தை நோக்கி நிற்கும். நேரில் அழைத்துப்போக விரும்பினால் பல வாரம் முன்பே தலைமையாசிரியர் மூலம் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். நிழல் அளந்து முடித்த பிறகு கூட்டிப்போங்கள். அளக்காமல் போனால் பிள்ளைகளுக்கு அது வெறும் இரும்புச் சட்டமும் கம்பியும்தான்.

அடுத்து நிலவு. பிறை ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டால், பூமியின் நிழல் விழுவதால் என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். அதை வாயால் திருத்த முயலாதீர்கள். தினசரி காலண்டரில் வளர்பிறை சப்தமி, அஷ்டமி எந்த நாள் என்று பாருங்கள். அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கிழக்கே அரை நிலா நிற்கும். எலுமிச்சை அளவு களிமண் உருண்டையைக் குச்சியில் குத்தி, வெயிலில் நின்று, கையை நீட்டி, உருண்டையை நிலவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். உருண்டையில் எந்தப் பாதி வெளிச்சமோ நிலவிலும் அதே பாதி வெளிச்சமாக இருக்கும். சாய்வு கூட ஒத்துப்போகும். சூரியன் ஒரு பக்கம், நிலவு மறுபக்கம், இரண்டும் கண்ணெதிரே. இடையில் பூமியின் நிழல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளே கேட்பார்கள். தேய்பிறை அஷ்டமி என்றால் இதையே காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் மேற்குப் பக்கம் பார்த்துச் செய்யலாம்.

சூரியனின் படத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரவும் வழி உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடி, நடுவில் அரை செ.மீ. அளவில் முக்கோண ஓட்டை வெட்டுங்கள். வெளியே ஸ்டூலில் களிமண் வைத்து அதைப் பொருத்தி, ஒளியை இருட்டறைக்குள் பத்து மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைத்தாளில் விழச் செய்யுங்கள். ஓட்டை முக்கோணம், விழுவதோ ஒன்பது செ.மீ. வட்டம். விழுவது சூரியனின் உருவமேதான். அந்த வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு எல்லாரையும் சும்மா நின்று பார்க்கச் சொல்லுங்கள். வட்டம் மெல்லக் கோட்டை விட்டு நகரும். இரண்டு நிமிடத்தில் முழுசாக வெளியே போய்விடும். பூமி சுழல்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு செய்முறை எனக்குத் தெரியாது. தூரத்தை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 108 வரும். சூரியனின் தொலைவு 15 கோடி கி.மீ. என்று பாடத்தில் இருக்கிறது. அதை 108-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. என்று கிடைக்கும். சூரியன் முகத்தில் பெரிய கரும்புள்ளி இருக்கும் நாளில் அதுவும் மங்கலாகத் தெரியலாம். அப்போது 1899 முதல் இயங்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும், அங்கே 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததையும் சொல்லுங்கள்.

ஒரு கண்டிப்பு: யாரும் சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. எக்ஸ்ரே ஃபிலிம், கலர்க் கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் பாதுகாப்பு இல்லை. கண்ணாடிக்குள்ளும் குனிந்து பார்க்கக்கூடாது. கண்ணாடி பக்கத்தில் நீங்களே நில்லுங்கள்.

இரவு வானத்தை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஏழரை, எட்டு மணிக்கு வீட்டு வாசலில், பெரியவர்கள் துணையோடு பத்து நிமிடம் போதும்: கார்த்திகைக் கூட்டம், திருவாதிரை, தெற்கே தாழ்வாக அகத்திய நட்சத்திரம். துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்லும்போது மட்டும் கவனம். அது அடிவானத்திலிருந்து பதினொன்றரை டிகிரிதான் உயரம், நீட்டிய கை முஷ்டி ஒன்றுக்குச் சற்றே கூட. வடக்கே மலை மறைக்கும் வீடுகளில் தெரியாது. தெரியவில்லை என்று எழுதி வந்தால் அதுவும் சரியான விடைதான்.

ஓர் ஆண்டு இப்படி ஓடிய பிறகும் முன்னாள் மாணவர்கள் உதவத் தயார் என்றால், 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ் உள்ள) பைனாகுலர் ஒன்றும் அதை நிறுத்த ஒரு முக்காலியும் கேளுங்கள். நிலவின் பள்ளங்கள் தெரியும், அசையாமல் பிடித்தால் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். மாலை ஆறரைக்கு நிலவு இருக்கும் நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளாவது பார்க்கலாம். பகலில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள். அதன் வழியே சூரியனைப் பார்த்த கண் போய்விடும். மழைக்காலத்தில் ஆய்வக அலமாரியில் சும்மா வைத்தால் நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள்.