ஆங்கிலத்தில் ஒருவர் குத்தலாகப் பேசுகிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர் என்று போட்டிருக்கிறது. குசும்புக்குப் பேர்போன ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி! சரி, நானும் அதே குழியில் விழுந்தவன்தான்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. துணி சாயப்பட்டறையிலேயே தங்கிவிட்டது. அக்டோபரில், எங்களிடம் சரக்கு வாங்கும் இங்கிலாந்து பையருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். 'டேக் யுவர் டைம். கிறிஸ்மஸ் இஸ் ஒன்லி இன் டிசம்பர்' என்று பதில் வந்தது. தங்கமான மனுசன் என்று நினைத்து, புரொடக்‌ஷன் மேனேஜரிடம் "அவசரமில்லைன்னு சொல்லிட்டாருங்கண்ணா" என்றேன். அவர் மெயிலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கப்பலில் போக வேண்டிய சரக்கு எங்கள் செலவில் விமானத்தில் போனது.

யோசித்துப் பார்த்தால் இது எனக்குப் புதிதே இல்லை. பள்ளி லீவில் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் ஒன்பது மணிக்கு எழுந்து வந்தால், "ஏஞ்சாமி, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்களா? இன்னுஞ் சித்த நேரம் படுத்திருக்கலாமுங்களே" என்பார். எப்போதும் 'வாடா, போடா' என்பவர் திடீரென்று 'ங்க' போட்டால் விவகாரம் என்பது எட்டு வயதிலேயே தெரியும். ஆங்கிலத்திலும் மரியாதை அளவுக்கு மேல் ஏறினால் உஷாராகிவிடுங்கள். பிரிட்டிஷ்காரர் 'வித் த கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால், அடுத்து வருவது பெரும்பாலும் மறுப்புதான்.

மெயிலில் குரலும் கேட்காது, முகமும் தெரியாது. அங்கே சொன்னதை நடப்போடு ஒட்டிப் பார்க்க வேண்டும். கிறிஸ்மஸ் சரக்கை டிசம்பரில் வாங்கி எவன் விற்பான்? இதை நான் அன்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அமுச்சியிடம் கற்காத ஒன்றும் உண்டு: குறைத்துச் சொல்வது. நாம் எதையும் கூட்டித்தானே சொல்வோம். 1982 ஜூனில் இந்தோனேசியாவுக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் புகுந்து, நான்கு இன்ஜினும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம், ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன என்று அறிவித்தார். (இன்ஜின்கள் மறுபடி ஓடி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.) பையர் 'ஸ்மால் ப்ராப்ளம்' என்று எழுதினால் எனக்கு அந்த விமானம்தான் ஞாபகம் வரும். இதே கணக்கில் 'நாட் பேட்' என்பது நல்ல பாராட்டு. 'க்வைட் குட்' மட்டும் ஆளுக்குத் தகுந்தபடி மாறும்: பிரிட்டிஷ்காரர் சொன்னால் பெரும்பாலும் சுமார், அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது.

அப்புறம் 'டெல் மீ அபவுட் இட்'. கரண்ட் கட் பற்றி நான் புலம்பியபோது ஒருவர் இப்படிச் சொல்ல, ஐந்து நிமிடம் விளக்கினேன். 'எனக்குத் தெரியாததா' என்று அர்த்தமாம்!

நீங்கள் பேசிப் பழக வேண்டுமென்றால் உங்களையே கிண்டல் செய்து தொடங்குங்கள். சாயத்தின் சாம்பிள் மூன்றாம் முறையும் ரிஜெக்ட் ஆனபோது, 'வி ஆர் கெட்டிங் குட் அட் திஸ்' என்று எழுதினேன். பையர் சிரித்துப் பதில் போட்டார். பழகாத ஆளிடமும், சரக்கு ஏற்கெனவே தாமதமான நேரத்திலும் இந்த விளையாட்டு வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் எந்தத் தேதிக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டுவிடுவேன். போன மாதம் அப்படிக் கேட்டதற்கு, 'எஸ்டர்டே வுட் பி லவ்லி' என்று வந்தது. அன்று சாயங்காலமே பெட்டி கட்டிவிட்டோம்.