முன்பின் தெரியாதவரிடம் மனம் திறப்பது ஏன்?

வீட்டாரிடம்கூடச் சொல்லாததை ரயிலில் பக்கத்தில் அமர்ந்தவரிடம் கொட்டிவிடுகிறோமே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் நாளை நம் வாழ்க்கையில் இருக்கப் போவதில்லை. சொன்னது தெரிந்தவர் காதுக்குப் போகாது. சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

எனக்கு வியப்பளிப்பது வேறு. அந்நியரிடம் பேச்சைத் தொடங்க நாம் தயங்குவதே தப்புக்கணக்கால்தான். உளவியல் ஆய்வாளர்கள் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளிடம் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பேசாமல் தனியே போவதே இனிமை என்று பயணிகள் கணித்தார்கள். ஆனால் அந்நியரிடம் பேசச் சொல்லப்பட்டவர்களுக்கே பயணம் இனிமையாக அமைந்தது! எதிரில் இருப்பவரும், "தொந்தரவாக நினைப்பாரோ" என்று தயங்கித்தான் கைப்பேசியைத் துழாவுகிறார். "இந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்தலாமா?" என்ற கேள்வியே போதும், பேச்சு தொடங்கிவிடும். கண்மூடிச் சாய்ந்திருப்பவரை மட்டும் விட்டுவிடுங்கள்.