குவார்ட்ஸைட் போகிறீர்களா தம்பி? முதலில் டாங்க் விஷயத்தைப் பேசிவிடுவோம்

தம்பி, நீங்கள் கேட்டதை இரண்டு முறை படித்தேன். அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பொங்கலை ஒட்டி மனைவி, குழந்தை எல்லாரோடும் வாடகைக்கு ஆர்வி (சமையலறை, கழிப்பறையோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) எடுத்து, குவார்ட்ஸைட் பாலைவனத்தில் நாலு ராத்திரி தங்கப் போகிறீர்கள். வண்டியின் கழிவு டாங்க் நிரம்பினால் எங்கே காலி செய்வது? பாத்திரம் கழுவின தண்ணீரை அப்படியே மண்ணில் திறந்துவிடலாம் என்று ஆபீஸில் ஒருத்தர் சொன்னது சரியா? கடைசியாகக் கூச்சத்தோடு ஒரு வரி: "அப்பா முன்னாடி இதையெல்லாம் நானே எப்படிக்கா பண்றது?"

மூன்றுக்கும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர், ஹோஸ் பிடிப்பது நான். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் குடியேறி 19 வருஷம் ஆகிறது, அதில் ஏழெட்டு குளிர்காலம் இந்த ஊருக்குப் போயிருக்கிறோம்.

ஆபீஸ்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். நான் உங்களைப் போகச் சொல்லப்போகிற முகாம் இடமான லா போசாவில் கழிப்பறைக் கழிவோ பாத்திரம் கழுவின தண்ணீரோ எதையும் தரையில் விடக்கூடாது என்பது விதி. விதியை விடுங்கள், அந்த மண்ணைப் பார்த்தால் உங்களுக்கே மனசு வராது. நம்ம ஊர் வாழைமரத்தடி மாதிரி ஊற்றியதை உறிஞ்சிக்கொள்கிற மண் இல்லை அது. பொடிக்கல் பாவின தரை. சாம்பார் தண்ணீர் அங்கேயே காய்ந்து, பிசுக்காகி, ஈ மொய்த்துக் கிடக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் வேறொரு குடும்பம் நாற்காலி போட்டு உட்காரும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஐ-10 நெடுஞ்சாலையும் 95-ஆம் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் குவார்ட்ஸைட். கலிஃபோர்னியா எல்லை கூப்பிடு தூரம். 2020 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறக்குறைய 2,400 பேர். நம்ம பக்கத்து ஒரு கிராமத்துக்குக்கூடக் காணாது. ஆனால் ஜனவரியில் போய்ப் பாருங்கள், பனிக்குப் பயந்து வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த ஆர்விகள் கண்ணுக்கு எட்டின வரை நிற்கும். ஜனவரியின் பின்பாதியில் பெரிய கூடாரம் போட்டு ஆர்வி கண்காட்சி வேறு நடக்கும். 2,400 பேர் ஊரில் இத்தனை வண்டியின் கழிவும் எங்கே போகும் என்று யோசித்தீர்களே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. பலர் அதை யோசிக்காமல்தான் கிளம்புகிறார்கள்.

சுற்றியிருக்கும் பாலைவனத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தம், பி.எல்.எம் என்பார்கள். அதில் இரண்டு வகை இடம் உண்டு. ப்ளோமோசா ரோடு, டோம் ராக், ஹை ஜாலி போன்ற இடங்களில் 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால் அங்கே குழாயும் இல்லை, கழிவு கொட்டும் இடமும் இல்லை. ஊருக்குத் தெற்கே 95-ஆம் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிந்து கிடப்பது லா போசா. அங்கே பெர்மிட் வாங்க வேண்டும். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன். நாங்கள் வாங்கியபோது 14 நாளுக்கு 40 டாலர், முழு சீசனுக்கு 180 டாலர். அந்தப் பெர்மிட்டுக்குள்ளேயே டம்ப் ஸ்டேஷன் (கழிவு கொட்டும் இடம்), குடிதண்ணீர், குப்பைத் தொட்டி எல்லாம் அடக்கம். நாலு ராத்திரிக்கு எதற்கு 14 நாள் காசு என்று கணக்குப் பார்க்காதீர்கள். வயதானவர்கள், குழந்தையோடு முதல் தடவை போகிறீர்கள், லா போசாவுக்கே போங்கள். வண்டியில் நிரந்தரமாகப் பொருத்திய கழிவு டாங்க் குறைந்தது 10 காலன் கொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. வாடகை ஆர்விக்கு அது பிரச்சினையே இல்லை.

காசில்லாத பக்கம் தங்குவதாக இருந்தால் ஊருக்குள் வந்து காசு கொடுத்துக் கொட்ட வேண்டும். தண்ணீர், புரொபேன் கேஸ், டம்ப் மூன்றையும் ஒரே வாசலில் விற்கிற கடைகள் உண்டு. ஆர்வி பார்க்குகள் சிலவற்றில் வெளியாட்களையும் விடுவார்கள், ஐ-10 ஓரத்துப் பெரிய டிரக் ஸ்டாப்புகளிலும் விசாரிக்கலாம். வண்டியை நகர்த்தவே முடியாது என்றால் லாரி கொண்டுவந்து உறிஞ்சிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம்ம ஊர் செப்டிக் டாங்க் லாரிதான், இங்கே அதற்கு 'தேன் வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! எங்கே போனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள். கிளம்புகிற வண்டியெல்லாம் அன்றைக்குத்தான் வரிசையில் நிற்கும். ஒரு தடவை நாங்கள் ஒன்றே கால் மணி நேரம் நின்றோம். புதன், வியாழன் மத்தியானத்தில் போனால் ஆளே இருக்காது.

இனி டாங்க். ஆர்வியின் வயிற்றில் மூன்று டாங்க் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, அதைப் பிளாக் என்பார்கள். குளியலுக்கும் பாத்திரத்துக்கும் கிரே. நீங்கள் எடுக்கிற அளவு வண்டியில் பிளாக்கும் கிரேயும் தலா சுமார் 30 காலன் இருக்கும். எல்லாரும் பிளாக்கைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள், முதலில் நிரம்புவதோ கிரே. ஒரு ஆள் ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றால் 20 காலன் போய்விடும். உங்கள் அப்பாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: நனைய ஒரு சொம்பு, சோப்பு, அலச மூன்று சொம்பு. குற்றாலக் குளியலுக்கு இங்கே வழியில்லை.

நம் சமையலுக்கும் கிரே டாங்குக்கும் ஆகவே ஆகாது. இதை எந்த வெள்ளைக்காரரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். சாம்பார் மிச்சம், தாளித்த எண்ணெய், தயிர்சாதப் பருக்கை எல்லாம் மூடின டாங்கில் ரெண்டு நாள் வெயிலில் கிடந்தால் பிளாக்கைத் தோற்கடிக்கிற நாற்றம் வரும். கடுகும் கறிவேப்பிலைக் காம்பும் வால்வு இடுக்கில் உட்கார்ந்துகொண்டால் வால்வு முழுசாக மூடாது. தட்டை முதலில் டிஷ்யூ பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடுங்கள், பிறகு கழுவுங்கள். சிங்க் ஓட்டையில் சல்லடை ஒன்று. அரிசி களைந்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஊற்றலாம், ஒரு துளி வீணாகாது.

பிளாக் விஷயத்திலோ நம் பழக்கம்தான் கைகொடுக்கும். பேப்பருக்குப் பதிலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம் இல்லையா, அந்த டாங்குக்குத் தேவை தண்ணீர்தான். தண்ணீரைச் சிக்கனம் செய்து பேப்பரை அள்ளிப் போடுகிறவர்கள் வண்டியில் கழிவு கட்டிப்போய், கோபுரம் மாதிரி நின்றுவிடும், அப்புறம் எதைத் திறந்தாலும் இறங்காது. ஆகவே அம்மா தாராளமாகச் சொம்பு வைத்துக்கொள்ளட்டும். நிரம்புவது கொஞ்சம் சீக்கிரமாகும், அவ்வளவுதான். ஐந்து பேருக்கு மூன்றாம் நாள் ஒரு தடவை காலி செய்வதாகக் கணக்கு வையுங்கள். குழந்தையைத் துடைக்கிற வைப்ஸ் மட்டும் உள்ளே போகவே கூடாது. 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் சரி.

சுவரில் இருக்கும் அளவு விளக்கை நம்பாதீர்கள். உள்ளே சென்சாரில் ஏதாவது ஒட்டிக்கொண்டால் காலி டாங்கைக்கூட முக்கால் என்று காட்டும். டார்ச் அடித்துக் கழிப்பறைக் குழிக்குள் பாருங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

காலி செய்வது பத்து நிமிஷ வேலை. வால்வுகள் பெரும்பாலும் டிரைவர் பக்கம் பின்னால் இருக்கும், அந்தப் பக்கம் டம்ப் ஸ்டேஷன் குழி வருகிற மாதிரி வண்டியை நிறுத்துங்கள். கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் கழிவுக் குழாய் மூடியைக் கழற்றும் முன் இரண்டு வால்வும் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். இதை நான் கற்றது என் செருப்பால். முதல் வருஷம் எடுத்த வாடகை வண்டியில் பிளாக் வால்வு ஒரு விரல் அகலம் திறந்தே இருந்தது, எனக்கு முன்னால் எடுத்தவர் செய்த வேலை. மூடியைத் திருகினேன், முழங்கால் வரை அபிஷேகம். பின்னால் வரிசையில் நின்ற கனடாக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. தன் வண்டியிலிருந்து கண்ணாடி மாதிரியான வளைகுழாய் ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, "இதை மாட்டிக்கொள், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும்" என்றார். ஆர்வி சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸை மாட்டித் திருகினால் கிளிக் என்று உட்காரும். மறுமுனையைக் குழிக்குள் விட்டு மேலே ஒரு கல் வையுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் பாம்பு மாதிரித் துள்ளி வெளியே வந்துவிடும். முதலில் பிளாக்கைத் திறக்க வேண்டும். கடகடவென்று ஓடி, சத்தம் அடங்கி, சொட்டுகிற வரை பொறுத்து மூடுங்கள். அதற்குப் பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிக்கொண்டே போகும், அதற்காகத்தான் இந்த வரிசை. மாற்றிச் செய்தால் ஹோஸ் முழுக்கப் பிளாக்கோடு வீடு திரும்புவீர்கள். முடிந்ததும் பிளாக் டாங்குக்குள் ரெண்டு காலன் தண்ணீர் ஊற்றி, மருந்து விட்டு வையுங்கள். ஃபார்மால்டிஹைடு சேர்ந்த மருந்து வேண்டாம். அது செப்டிக் டாங்கில் கழிவைத் தின்கிற பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். என்சைம் வகையே போதும்.

குழி பக்கத்தில் ஒரு குழாய் இருக்கும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அது ஹோஸையும் சிந்தினதையும் கழுவ மட்டுமே. குடிதண்ணீர் பிடிக்கிற இடம் தள்ளி இருக்கும், அதற்கு வெள்ளை ஹோஸ் தனியாக வேண்டும். இந்த இரண்டு ஹோஸும் ஒரே பெட்டியில் படுக்கக்கூடாது. வாடகை வண்டிகளில் சில சமயம் சேர்த்துச் சுருட்டி வைத்திருப்பார்கள், எடுக்கும்போதே பார்த்துப் பிரித்துவிடுங்கள். இன்னொன்று, அந்தக் குழாய் சொட்டுகிற இடத்தில் தேனீ மொய்க்கும். பாலைவனத்தில் அதுகளுக்கும் வேறு தண்ணீர் ஏது? தட்டிவிடாமல் மெதுவாகக் கைவைத்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. என் மாமனார் நம்ம ஊரில் ஒரு நகராட்சியில் 30 வருஷம் சானிடரி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை லா போசாவுக்குக் கூட்டிப்போன வருஷம், நான் கிளவுஸ் மாட்டியதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மகனைத் தனியே கூப்பிட்டு, "காசு குடுத்தா செய்ய ஆள் கிடைக்காதாடா?" என்று கேட்டார். இவர் பதில் சொல்லாமல் வரிசையைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் நின்றது வீட்டு விலைக்கு வாங்கின மாதிரி ஒரு பெரிய பஸ். அதிலிருந்து இறங்கின எழுபது வயசுக்காரர் முட்டி போட்டுக் குனிந்து தன் ஹோஸைத் தானே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று நாயைப் பிடித்துக்கொண்டு ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வண்டியிலும் அப்படியேதான்.

மாமா அன்றைக்கு முழுக்க அதிகம் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது திடீரென்று, தன் ஆபீஸில் வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த ஆளுக்கு கிளவுஸ் வாங்க மூன்று தடவை மேலே எழுதியதாகவும், வரவில்லை என்றதும் தான் விட்டுவிட்டதாகவும். இவ்வளவு வருஷத்தில் நான் கேட்டிராத பேச்சு. மூன்றாம் நாள் டம்ப் ஸ்டேஷனில் வண்டி நின்றதும், "எனக்கு ஒரு ஜோடி குடும்மா" என்று கை நீட்டினார். வால்வை இழுத்தது அவர்தான்.

உங்கள் அப்பா எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது தம்பி. மறைத்துச் செய்யாதீர்கள், அதிகாலையில் எல்லாரும் தூங்கும்போது போய்விட்டு வராதீர்கள். பக்கத்தில் நிற்க விடுங்கள். அவர் ஏதாவது கேட்டால் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுங்கள். பெரும்பாலான அப்பாக்களுக்கு மெஷின் என்றால் பாதிக் கூச்சம் போய்விடும்.

குழந்தைக்கு ஊருக்குள் இருக்கிற ஹை ஜாலி சமாதியைக் காட்டுங்கள். 1856-இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஒட்டகம் ஓட்ட வந்த ஹாஜி அலியின் பெயர் இவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நம்ம பேரை ஆபீஸில் படுத்துகிற பாடு இன்றைக்கு நேற்று ஆரம்பித்ததில்லை. கல் கோபுரத்தின் உச்சியில் ஒட்டகம் நிற்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

திரும்பும் நாளில் காலி செய்துவிட்டே ஐ-10 ஏறுங்கள். டாங்க் நிரம்பின வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் தனியாகக் காசு பிடித்துவிடுவார்கள். பொங்கல் பானையை மட்டும் வண்டி சிங்க்கில் கழுவ வேண்டாம். நெய்யும் வெல்லமும் அந்தக் குழாயில் இறங்கினால் உறைந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கவரில் கட்டி வைத்து வீட்டுக்கு வந்து ஊறப்போடுங்கள்.