பொலிவியாவில் முதுகுப்பைப் பயணமும் தன்னார்வப் பணியும்: கேள்வி பதில்

பொலிவியாவில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி, பயணத்தோடு தன்னார்வப் பணியும் செய்ய விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி: விமானத்தில் நேராக லா பாஸில் இறங்கலாமா, சாந்தா குரூஸில் இறங்கலாமா? கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பலமுறை போயிருக்கிறேன், எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளும்.

கட்டணம் சற்றுக் கூடினாலும் சாந்தா குரூஸில் இறங்குங்கள். ஊட்டி நகரம் 2,240 மீட்டர் உயரத்திலும் தொட்டபெட்டாவின் உச்சி 2,637 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. உயர நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவதே 2,500 மீட்டருக்கு மேல்தான் என்பதால், அங்கே நன்றாக இருந்தது லா பாஸில் எப்படி இருப்பீர்கள் என்பதற்குச் சான்றாகாது. லா பாஸின் நடுப்பகுதி ஏறத்தாழ 3,640 மீட்டரிலும், விமானம் தரையிறங்கும் எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கு மேலும் உள்ளன. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நீண்ட விமானப் பயணத்தில் தூக்கமும் நீரும் குறைந்த உடலோடு அங்கே இறங்குவது, விடுமுறையின் முதல் நான்கு நாட்களைத் தலைவலியோடு படுக்கையில் கழிக்க வழிசெய்து கொள்வதாகும்.

சாந்தா குரூஸ் 400 மீட்டர் உயரத்தில், வெப்பமான தாழ்நிலத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1,600 மீட்டர் அளவிலுள்ள சமைபாட்டாவில் சில நாட்கள் தங்கி, பாறையையே செதுக்கி உருவாக்கிய பழைய சடங்குத் தலத்தைப் பார்த்துவிட்டு, 2,800 மீட்டரிலுள்ள சுக்ரேவுக்குச் சென்று ஒரு வாரமாவது இருங்கள். சட்டப்படி தலைநகரான சுக்ரேவில் ஸ்பானிஷ் கற்பிக்கும் சிறு பள்ளிகள் பல உண்டு, செலவும் அதிகமில்லை. உடல் உயரத்துக்குப் பழகும் நாட்களையே மொழி கற்கும் நாட்களாகவும் ஆக்கிக்கொள்ளலாம். அதன்பின் பொட்டோசி, உயுனி, கடைசியாக லா பாஸ், டிட்டிகாகா ஏரி என்று போனால் உடல் முன்பே ஓரளவு உயரத்துக்குப் பழகியிருக்கும். உயுனி உப்புவெளியிலிருந்து தெற்கே செல்லும் மூன்று நாள் ஜீப் பயணத்தில் இரவுத் தங்கல் 4,200 மீட்டருக்கு மேலும் அமையலாம், வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்கப் போகும் இடம் 4,800 மீட்டரைத் தாண்டும். லா பாஸில் இறங்கிய மறுநாளே அந்தப் பயணத்துக்குப் புறப்படுபவர்களை எந்த முகவரும் தடுப்பதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

கேள்வி: டயமாக்ஸ் மாத்திரை போதுமா? கொக்கா இலை நல்லது என்கிறார்களே?

அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. உயரம் ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை என்பது வழக்கமான தடுப்பு அளவு. ஆயினும் சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் வேகமாக ஏறுவது தவறு. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ அது சாதாரண தலைவலி அல்ல. இரவானாலும் அப்போதே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொக்கா இலைத் தேநீர் வயிற்றுக்கு இதமாக இருக்கும், சோர்வும் சற்றுக் குறையும், ஆனால் உயர நோய்க்கு அது மருந்தல்ல. பொலிவியாவில் இலை மெல்லுவது சட்டபூர்வமான வழக்கம். 2009 ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமே அதைப் பண்பாட்டு மரபாகக் காக்கிறது. ஊர் திரும்பும்போது ஒரு தேநீர்ப் பொட்டலம்கூடப் பையில் இருக்கக்கூடாது, ஏனென்றால் இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கொக்கா இலையையும் தடைசெய்திருக்கிறது.

கேள்வி: விசா?

பொலிவியா நாடுகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்து விதிகளை வகுக்கிறது. உங்கள் கடவுச்சீட்டுக்கு இப்போதுள்ள விதியைப் புது தில்லியிலுள்ள பொலிவியத் தூதரகத்தில் கேட்டு எழுத்தில் பெறுவதே முறை. பலர் மறப்பது இடைவழி விசாவை: இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் விமானம் மாறுவதற்கே விமான நிலைய விசா பெற வேண்டும், இந்தியர்களுக்கு அது நாட்டுக்கு நாடு மாறும். சுற்றுலா விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய இயலாது. சில மாதங்கள் ஒரே நிறுவனத்தில் பணியாற்றப் போகிறீர்கள் என்றால், 'குறிப்பிட்ட நோக்கத்துக்கான விசா' என்ற தனி வகை இருக்கிறது. அதற்கான கடிதத்தைத் தர மறுக்கும் நிறுவனத்தை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடும் முன் மூன்று வாரம் ஓர் அனாதை இல்லத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறேன். ஒரு முகமை கட்டணம் கேட்கிறது. சேரலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய அக்காவும் புதிய அண்ணனும் வந்து கொஞ்சிவிட்டு, பழகிய பின் போய்விடும் வாழ்க்கை, ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த குழந்தைக்கு என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையே அவர்களை அங்கே சேர்க்கிறது. வெளிநாட்டவர் தரும் கட்டணமும் நன்கொடையும் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வரும் இடங்களில், குழந்தைகளைக் குடும்பத்திடம் திருப்பி அனுப்ப வேண்டிய தேவை நிர்வாகத்துக்கு இருப்பதில்லை. இந்த வணிகத்தின் மோசமான வடிவத்தை ஆஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமைத்தனம் குறித்த சட்டத்தை இயற்றும்போதே கருத்தில் எடுத்துக்கொண்டது.

கற்பிக்கவே ஆசை என்றால், உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்கு உதவியாளராக, வயது வந்தவர்களுக்கான மாலை வகுப்பிலோ சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்களுக்கான பயிற்சியிலோ சேரலாம். விடைபெறும்போது அங்கே யாரும் ஆதரவற்றுப் போவதில்லை. எந்த அமைப்பானாலும் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை: நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள், அவருக்கு ஊதியம் உண்டா, என் கட்டணம் எங்கே செலவாகிறது, குழந்தைகளோடு பழக விடும் முன் என் காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்குத் 'தேவையில்லை' என்று பதில் வந்தால், அத்துடன் தொடர்பை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காட்டு விலங்குகளோடு பணி செய்யும் இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் பணம் கட்ட வேண்டுமாம். சேவைக்கு நாமே பணம் தருவது நியாயமா?

நீங்கள் கேட்பது 1992 இல் தொடங்கிய 'கொமுனிதாத் இந்தி வாரா யாஸ்ஸி' என்ற அமைப்பாக இருக்கும். கள்ளச் சந்தையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் மீட்கப்பட்ட குரங்குகள், பறவைகள், பூமாக்கள், ஜாகுவார்கள் ஆகியவற்றை அவர்கள் பராமரிக்கிறார்கள். 2009 இல் பொலிவியா எல்லா விலங்குகளையும் சர்க்கஸில் பயன்படுத்தத் தடை விதித்தது. மீட்கப்பட்ட விலங்குகளுக்கு அதன் பிறகும் வாழ்நாள் முழுவதும் இரையும் இடமும் மருத்துவமும் தேவைப்படுகின்றன. சிறுவயதிலேயே மனிதரிடம் வளர்ந்த பெரும்பூனை காட்டில் தானே பிழைப்பது அரிது.

இங்கே கட்டணம் நியாயமானது என்று கருதுகிறேன். நீங்கள் உண்பதும் உறங்குவதும் அவர்கள் இடத்தில்; விலங்குகளுக்கு இரையாகும் இறைச்சியின் செலவைத் தரும் பெரிய வருவாய் வேறு இல்லை. வேலையோ கடினமானது: கூண்டு கழுவுதல், தீனி வெட்டுதல், பாதை வெட்டுதல், வறட்சிக் காலத்தில் காட்டுத்தீக்கு எதிரான தடுப்புப் பட்டை அமைத்தல், எல்லாமே கொசுக்கடிக்கு நடுவில். பெரும்பூனைகளோடு பணியாற்ற வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும், அந்த விலங்கு உங்களை அறிந்துகொள்ளவே நாளாகும் என்பதால். புலிக்குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கலாம் என்று விளம்பரம் செய்யும் இடம் எதுவும் மீட்பு மையம் அல்ல.

கேள்வி: செவிலியர் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். மலைக் கிராமச் சுகாதார நிலையத்தில் பணி செய்ய முடியுமா?

பார்வையாளராகவும் உதவியாளராகவும் முடியும். ஊசி போடுவதும் தையல் போடுவதும் கூடாது. சொந்த ஊரில் செய்ய உரிமமில்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. மலைக்கிராமங்களில் மூத்தவர்கள் பலர் கெச்சுவாவோ ஐமாராவோ மட்டுமே பேசுவார்கள். அரசமைப்புச் சட்டம் ஸ்பானிஷோடு 36 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழியாக ஏற்றிருக்கிறது. எனவே ஸ்பானிஷ் தெரிந்தாலும் நோயாளியின் வலியைப் புரிந்துகொள்ள இன்னொருவர் உதவி தேவைப்படும். படிப்பை முடித்து, இரண்டு ஆண்டு அனுபவத்தோடு, குறைந்தது மூன்று மாதம் தங்கும்படி போவீர்களானால் உங்களால் அவர்களுக்குப் பயன் மிகும்.

கேள்வி: சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது, ஆனால் அலுக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழி, மீன், இறைச்சிச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும். வேர்க்கடலை சூப் சைவமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் கொதித்தது. காலையில் ஊதாச் சோளத்தில் காய்ச்சிய 'அப்பி' என்ற சூடான பானமும், பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த 'பஸ்தெல்' அப்பமும் குளிருக்கு அருமை. தக்காளியையும் 'லொக்கோட்டோ' மிளகாயையும் அம்மி போன்ற கல்லில் அரைத்த 'யாஹ்வா' எந்தச் சந்தைக் கடையிலும் இருக்கும். நம் நாக்குக்கு அதுவே துணை. தங்குமிடத்தில் நீங்களே சமைப்பதாக இருந்தால் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள்: லா பாஸில் நீர் ஏறத்தாழ 88 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மிகுந்த நேரமாகும்.

கேள்வி: பணம், பேருந்து பற்றிச் சொல்லுங்கள்.

பல ஆண்டுகள் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்று நிலையாக இருந்த அரசு விகிதத்துக்கும் தெருவில் டாலர் மாற்றுபவர்கள் தரும் விகிதத்துக்கும் இடையே 2023 இல் தொடங்கிய டாலர் தட்டுப்பாட்டுக்குப் பின் பெரிய இடைவெளி ஏற்பட்டது. புறப்படும் வாரத்தில் நிலவரத்தைப் பார்த்துவிட்டு, மடிப்பும் கிழிசலும் இல்லாத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோங்கள்; கறைபட்ட நோட்டை எவரும் வாங்க மாட்டார்கள். அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பேருந்தைவிடச் சாலை மறியலைப் பற்றித்தான் திட்டமிட வேண்டும். கோரிக்கை எதுவானாலும் கற்களை அடுக்கி நெடுஞ்சாலையை மறிப்பது அங்கே வழக்கமான போராட்ட முறை; சில மணி நேரத்தில் முடியலாம், வாரக்கணக்கிலும் நீளலாம். நெடுஞ்சாலைத் துறை இணையத்தில் வெளியிடும் வரைபடத்தில் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அன்றாடம் பார்க்கலாம். ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் மூன்று நாட்களாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறியலைச் சுற்றிப் போகிறேன் என்று நள்ளிரவில் அழைக்கும் வண்டியில் ஏற வேண்டாம்.

கேள்வி: வைனா பொட்டோசி மலையை 'எளிதான ஆறாயிரம்' என்கிறார்களே, அனுபவம் இல்லாதவர் ஏறலாமா?

6,088 மீட்டர் உயரமுள்ள எந்த மலையும் எளிதல்ல. பனியில் நடக்கும் முறையை முதல் நாள் கற்பிக்கும் மூன்று நாள் பயணத்தை மட்டும் எடுங்கள்; விலை குறைவென்று இரண்டு நாள் பயணத்தில் சேராதீர்கள். பன்னாட்டு மலைவழிகாட்டிகள் கூட்டமைப்பின் சான்று வழிகாட்டியிடம் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு இருவருக்கு மேல் ஏறுபவர்கள் இல்லையா என்று கேளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை ஏறுவதற்கு ஏற்ற காலம்.

கேள்வி: பொட்டோசி நகரின் வெள்ளிச் சுரங்கத்துக்குள் சுற்றுலா போகலாமா?

நான் பரிந்துரைப்பதில்லை. 1545 முதல் குடையப்படும் அந்த நகரின் மலைக்குள் இன்றும் கூட்டுறவுத் தொழிலாளர்கள் சிலிக்காத் தூசியில் உழைக்கிறார்கள், சரிவுகளும் நச்சு வாயுவும் அங்கே உண்மையான ஆபத்துகள். பழைய நாணயச் சாலை அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிட்டால் அந்த வெள்ளியின் வரலாறு இன்னும் தெளிவாகப் புரியும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமா? மலையில்தானே இருக்கப் போகிறேன்?

கட்டாயம் போடுங்கள். உயர மலைப்பகுதியில் அந்த நோய் பரவுவதில்லை என்பது சரிதான், ஆனால் சாந்தா குரூஸ் பக்கத்துக் காடுகளில் பரவும். மேலும் பொலிவியாவிலிருந்து சான்றில்லாமல் இந்தியா திரும்புபவர்களை விமான நிலையத்திலேயே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இதைப் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், 2016 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும். முன்பதிவு கிடைக்கத் தாமதமாகலாம் என்பதால், பயணத் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே அதற்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள்.