பூத்து முடிந்த ஆர்க்கிட் மறுபடி பூக்குமா?

வீட்டுக்குள் வளர்க்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பூவோடு வாங்கி வந்த ஃபெலனாப்சிஸ் மூன்று மாதம் அழகாகப் பூத்திருந்தது. அதன்பிறகு இரண்டு வருடமாக இலை மட்டும்தான். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், உரமும் போடுகிறேன். என்ன குறை? (வாசகி, வேளச்சேரி, சென்னை)

உரத்தில் குறை இல்லை. வேருக்குக் காற்று வேண்டும். பூந்தண்டு வரக் குளிர்ச்சி வேண்டும். உங்கள் செடிக்கு இரண்டும் கிடைக்கவில்லை என்று தெரிகிறது.

முதலில் வேர். இந்தச் செடி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் மழைக்காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. மழை வேரை நனைக்கும், சில மணி நேரத்தில் காற்று உலர்த்திவிடும். வேரின் மேல் பஞ்சு போன்ற ஒரு உறை உண்டு. தண்ணீரை உறிஞ்சினால் பச்சை, காய்ந்தால் வெள்ளிச் சாம்பல் நிறம். எப்போது தண்ணீர் விடுவது என்று இந்த நிறமே சொல்லிவிடும். அதனால்தான் கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் வைக்கச் சொல்கிறோம். வேர் முழுக்க வெள்ளியானதும் தொட்டியைப் பத்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, எடுத்து, சொட்டு நிற்கும்வரை வடியவிடுங்கள். சென்னை வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் செய்ய வேண்டியிருக்கும். தினமும் ஊற்றினால் உறை அழுகி, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலை சுருங்கித் தொங்கும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவதில்தான் பாதிச் செடிகள் போகின்றன.

செடியை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். கடையில் வாங்கும் பல செடிகளில், மேலே மரப்பட்டை காய்ந்து கிடக்கும், நடுத்தண்டுக்குக் கீழே மட்டும் பாசி உருண்டை ஒன்று ஈரமாகவே இருக்கும். நாற்றுப் பருவத்தில் வைத்தது. அதை விரலால் மெதுவாகப் பிய்த்து எடுத்துவிடுங்கள். அழுத்தினால் நசுங்கும் பழுப்பு வேரை வெட்டுங்கள். கெட்டியாக இருப்பதைத் தொடாதீர்கள். புதிய கலவைக்குக் கட்டைவிரல் நுனி அளவு கரித்துண்டு ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு போதும். மட்டையில் உப்பு இருக்கும்; ஒருநாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, இன்னும் ஒருநாள் ஊறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். மண்ணும் கோகோபீட் தூளும் வேண்டவே வேண்டாம். டீத்தூள், முட்டை ஓடு போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், துண்டுகளுக்கு நடுவே காற்று போகும் இடத்தை அவை அடைத்துவிடும். தொட்டி, வேர்கள் அடங்கும் அளவுக்கு இருந்தால் போதும். பெரிய தொட்டி உலர நாளாகும்.

இப்போது பூ. உற்பத்திக் கூடங்களில் 28 டிகிரி செல்சியஸ் வாக்கில் இலை வளர்க்கிறார்கள். பிறகு 18 முதல் 25 டிகிரிக்குள் சில வாரம் வைத்துத் தண்டு வரவழைக்கிறார்கள். பகல் வெப்பம் 28-க்கு மேலேயே நின்றால் தண்டு கிளம்பாது. இரவு மட்டும் குளிர்ந்தால் போதாது. ஓசூர், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இது தானாக அமைந்துவிடும். சென்னையில் டிசம்பர், ஜனவரிதான் உங்கள் வாய்ப்பு. பகலிலும் ஏசி ஓடும் அறை, அதாவது வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் உட்காரும் அறை இருந்தால், அங்கே ஆறு வாரம் வையுங்கள். ஏசி 24-ல் இருக்கட்டும், காற்று மட்டும் நேரே செடியில் அடிக்கக் கூடாது.

வெளிச்சம் இல்லாமல் குளிர்ச்சி மட்டும் கொடுத்துப் பயனில்லை. கிழக்கு ஜன்னல் நல்லது. செல்போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலி இருந்தால் இலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில் சில மணி நேரமாவது 10,000 லக்ஸ் வர வேண்டும். ஹால் மூலையில் 500-கூட வராது. இலை கரும்பச்சையாக, நீண்டு தொங்கினால் வெளிச்சம் போதவில்லை. வெளிர்பச்சையாக, விறைப்பாக இருந்தால் சரி.

உரம்: 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் கொடுத்து, நான்காவது வாரம் வெறும் தண்ணீரில் அலசுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் ஆகாது, மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வையுங்கள்.

கேள்வி: தண்டு வந்து பத்து மொட்டு விட்டது. விரியும் முன்பே மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

செடி இருக்கும் அறையில் பழக்கூடை இருக்கிறதா? பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். சாப்பாட்டு மேசையில் அழகுக்கு வைத்தவர்கள் பலருக்கு இதுதான் நடக்கிறது. அது இல்லையென்றால் மற்ற காரணங்களைப் பாருங்கள்: மொட்டு வந்த பிறகு இடம் மாற்றியது, ஏசி அல்லது ஃபேன் காற்று நேராக அடித்தது, வேர் அடியோடு காய்ந்தது. தண்டு தெரிந்த நாளிலிருந்து முதல் பூ விரியும்வரை தொட்டியைத் திருப்பக்கூட வேண்டாம். மொட்டுகள் வெளிச்சம் வரும் பக்கம் பார்த்தே வரிசை கட்டும்.

கேள்வி: இலைக்கு நடுவிலிருந்து பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டு வருகிறது. பூந்தண்டா, வேரா? (வாசகி, மதுரை)

நுனியைக் கிட்டத்தில் பாருங்கள். உருண்டு வழவழப்பாக இருந்தால் வேர். சற்றே தட்டையாக, ஒருபக்கம் மடிந்த செதிலோடு மேல்நோக்கி வந்தால் தண்டு. தெரியவில்லையென்றால் இரண்டு வாரம் பொறுங்கள். வேரின் பின்பகுதி வெள்ளி நிறமாகிவிடும், தண்டு பச்சையாகவே இருக்கும். வேர்தான் என்றாலும் வெட்டாதீர்கள், தொட்டிக்குள் திணிக்கவும் வேண்டாம்.

கேள்வி: பூ உதிர்ந்த தண்டை எங்கே வெட்டுவது? (வாசகர், தஞ்சாவூர்)

செடியில் நான்கு, ஐந்து நல்ல இலை இருந்து தண்டும் பச்சையாக இருந்தால், அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். அந்தக் கணுவிலிருந்து கிளை வந்து, இரண்டு மூன்று மாதத்தில் பூக்கலாம்; பூ கொஞ்சம் சிறியதாக இருக்கும். இலை குறைவாகவோ தளர்ந்தோ இருந்தால் ஆசைப்படாமல் அடியோடு எடுத்துவிடுங்கள், செடி தேறட்டும். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள். ஆர்க்கிட் வைரஸ் பெரும்பாலும் வெட்டுக்கத்தி வழியாகப் பரவுகிறது, அதற்கு மருந்து கிடையாது.

கேள்வி: குருத்து கறுத்துவிட்டது; இலையை இழுத்தால் கையோடு வருகிறது. பிழைக்குமா? (வாசகி, நாகர்கோவில்)

குருத்தில் தண்ணீர் தேங்கியதால் வந்த அழுகல். கறுத்த பகுதியை நல்ல சதை தெரியும்வரை நறுக்கி, சாஃப் பூஞ்சாணக்கொல்லியை லிட்டருக்கு இரண்டு கிராம் கலந்து தடவுங்கள். குருத்து போனால் செடி உயரே வளராது. அடியிலும் வேரிலும் உயிர் இருந்தால் பக்கக் கன்று விடக்கூடும். மற்ற செடிகளுக்குக் காலையில் மட்டும் தண்ணீர் விடுங்கள், குருத்தில் விழுந்த நீரை டிஷ்யூ காகிதத்தால் அப்போதே ஒற்றி எடுங்கள். இலையிடுக்கில் வெள்ளை மாவுப்பூச்சி இருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வாரம் ஒருமுறை, நான்கு வாரம்.